முகப்புப் படங்களும் டிரான்ஸ்கிரிப்ட் கட்டணமும்

எங்கள் பல்கலைக்கழக இணையதளத்தைத் திறந்தால் முன்பெல்லாம் முதலில் வருவது பெரிய பெரிய புகைப்படங்கள். பட்டமளிப்பு விழாவில் வேந்தர், அருகில் இணைவேந்தர். அடுத்த படத்தில் துணைவேந்தர் மரம் நடுகிறார். அதற்கடுத்த படத்தில் அதே மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். படங்களுக்குக் கீழே ஒரு வரி வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருக்கும். அரியர் தேர்வுக்குக் கட்டணம் செலுத்தக் கடைசி நாள் எது என்பது அந்த வரியில்தான் இருக்கும். விரலால் தொடுவதற்குள் அது திரையின் ஓரத்துக்குப் போய்விடும்; மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். பக்கத்தில் 'புதியது' என்று மினுக்கும் சின்னப் படம் ஒன்று. அது மினுக்கத் தொடங்கிய பிறகு துணைவேந்தர்களே மாறிவிட்டார்கள்.

நான் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளர். எந்தப் பல்கலைக்கழகம் என்று மட்டும் கேட்காதீர்கள். ஓய்வூதியம் இனிமேல்தான் வாங்க வேண்டும். படித்தது பி.காம்., கூடவே தட்டச்சில் தமிழ் ஹையர். இணையதளச் சீரமைப்புக் குழுவில் என்னைச் சேர்த்ததற்கு என் கணினி அறிவு காரணம் இல்லை. "உங்கள் பிரிவுத் தொலைபேசி எப்போது அடித்தாலும் வேறு அழைப்பில் இருக்கிறது, அம்மா. நீங்களும் கூட்டத்துக்கு வாருங்கள்" என்று பதிவாளர் சொன்னார். குழுவை அமைத்ததற்குச் சொல்லப்பட்ட எந்தக் காரணத்தைவிடவும் இது நல்ல காரணம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

முதல் கூட்டத்தில் நிறத்தைப் பற்றிப் பேசினார்கள். நீலமா, மெரூனா. ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் முகப்புகளைத் திரையில் காட்டினார். எல்லாவற்றிலும் புல்வெளி, புல்வெளியில் மடிக்கணினியோடு மாணவர்கள். எங்கள் வளாகத்தில் புல்வெளியில் உட்கார்ந்தால் காவலாளி விசில் ஊதுவார். தேநீர் வந்ததும் கூட்டம் முடிந்தது.

இரண்டாவது கூட்டத்துக்கு நான் விசாரணை மையத்தின் தொலைபேசிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனேன். பச்சை அட்டை போட்ட நீளமான பதிவேடு. யார் அழைத்தார், எதற்கு அழைத்தார், எந்தப் பிரிவுக்கு மாற்றினோம் என்று அங்கே உட்காரும் உதவியாளர் ஒவ்வொரு நாளும் எழுதி வைத்திருக்கிறார். யாரும் அதைப் படித்ததில்லை, தணிக்கைக்காக வைத்திருப்பது. புரட்டிப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் ஒரே கேள்விகள். ரிசல்ட் எப்போது வரும். மறுமதிப்பீட்டுக்குக் கடைசி நாள் எது. விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பித்தேன், வரவில்லை. பட்டமளிப்பு விழாவுக்கு வர முடியாவிட்டால் சான்றிதழ் தபாலில் வருமா. மதிப்பெண் பட்டியல் தொலைந்துவிட்டது. பெயரில் ஓர் எழுத்து தவறாக இருக்கிறது. கனடாவுக்கு டிரான்ஸ்கிரிப்ட், அதாவது படித்த பாடங்களையும் மதிப்பெண்களையும் பல்கலைக்கழகமே சான்றளிக்கும் தாள், வேண்டும். பல்கலைக்கழகத்தின் தொலைநோக்கு என்ன என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை. அந்தத் தொலைநோக்கு முகப்பில் இரண்டு மொழிகளில் இருந்தது.

கணினித் துறைப் பேராசிரியை அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அயர்லாந்துக்காரர் ஜெர்ரி மெக்கவர்ன் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதுதான் என்றார்: ஓர் இணையதளத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரு சில வேலைகளுக்காகவே வருகிறார்கள். அந்தச் சிலவற்றைக் கண்டுபிடித்து அவற்றைச் சரியாகச் செய்துவிட்டால், மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவற்றைக் கண்டுபிடிக்க அவர் வாக்கெடுப்பு நடத்துவாராம். எங்களுக்கு அந்தச் செலவு மிச்சம். பதிவேடு இருந்தது.

எங்கள் பழைய தளத்தில் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் இல்லாமல் இல்லை. இருந்தது. எங்கே இருந்தது என்பதுதான் சிக்கல். டிரான்ஸ்கிரிப்ட் வேண்டுமென்றால் 'நிர்வாகம்' என்பதைத் திறந்து, அதில் 'தேர்வாணையர் அலுவலகம்', அதற்குள் 'பிரிவுகள்', அதற்குள் எங்கள் பிரிவின் எழுத்தும் எண்ணும், கடைசியில் 'படிவங்கள்'. அலுவலகத்தில் யார் யாருக்குக் கீழே என்பதை அப்படியே பட்டியலாக்கி மெனு என்று வைத்திருந்தார்கள். எந்தப் பிரிவில் எந்தச் சான்றிதழ் கிடைக்கும் என்பது வளாகத்துக்குள் வேலை செய்கிறவர்களுக்கே சில சமயம் தெரியாது. பரமக்குடியில் பி.எஸ்சி. முடித்துவிட்டு இப்போது துபாயில் இருக்கும் ஒருவர் அதைத் தெரிந்துகொண்டு வருவார் என்று எதிர்பார்த்தோம்.

அந்த ஒரு பக்கத்தை மட்டும் முதலில் மாற்றிக் காட்டுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். எழுதுவது எளிது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

பழைய பக்கம் ஒரு சுற்றறிக்கை. 'மேற்குறிப்பிட்ட பொருள் தொடர்பாகச் சம்பந்தப்பட்ட அனைவரின் கவனத்திற்கும் கொண்டுவரப்படுவது யாதெனில்' என்று தொடங்கும். மேலே எந்தப் பொருளும் குறிப்பிடப்பட்டிருக்காது. நகலெடுக்கும்போது அந்த வரி விடுபட்டிருக்கிறது. கட்டணம் எவ்வளவு என்பதற்கு மூன்று பிடிஎஃப் கோப்புகள். மூன்றிலும் மூன்று தொகை. ஒவ்வொரு முறை ஆட்சிக் குழுவான சிண்டிகேட் கட்டணத்தை உயர்த்தும்போதும் புதிய ஆணையை ஏற்றினார்கள், பழையதை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி ஆணையில் எழுதவில்லை அல்லவா? இப்படித்தான் பழைய தொகைக்கு வரைவோலை எடுத்து அனுப்பியவர்களின் உறைகள் எங்கள் பீரோவில் ஒரு தட்டு முழுக்கக் கிடந்தன. மீதித் தொகையை அனுப்புங்கள் என்று அவர்களுக்குக் கடிதம் எழுதுவதே ஓர் ஆளின் வேலையாக இருந்தது.

புதிய பக்கத்தில் முதல் வரியிலேயே கட்டணத்தை எழுதினேன். இரண்டாவது வரியில் என்னென்ன நகல்கள் வேண்டும். பிறகு, தொலைபேசியில் நாங்கள் தொண்டை வற்றச் சொல்கிற விஷயங்கள். கனடாவில் குடியேற விண்ணப்பிக்கிறவர்களில் பலர் டபிள்யூஇஎஸ் என்ற நிறுவனத்திடம் தங்கள் பட்டத்தை மதிப்பிட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அந்த நிறுவனம் தருகிற குறிப்பு எண்ணை விண்ணப்பத்தில் எழுதியிருந்தால்தான் நாங்கள் உறையின் மேல் எழுத முடியும். உறை பல்கலைக்கழக முத்திரையோடு ஒட்டியபடி போக வேண்டும். கையில் வாங்கிக்கொள்கிறவர்கள் உள்ளே என்ன இருக்கிறது பார்ப்போம் என்று பிரித்துவிடுகிறார்கள். பிரித்தால் செல்லாது, மறுபடியும் கட்டணம் கட்ட வேண்டும். 'உறையைப் பிரிக்க வேண்டாம்' என்ற ஒரு வரியை அத்தனை ஆண்டுகளாக எங்கும் எழுதி வைக்கவில்லை. கவுன்ட்டரில் இருக்கும் எங்களுக்கு அது வாய்ப்பாடம். அதனாலேயே யாருக்கும் எழுதத் தோன்றவில்லை.

சண்டை வந்தது 'எத்தனை நாளில் கிடைக்கும்' என்ற வரியில். எண்ணைப் போடக் கூடாது என்று உதவிப் பதிவாளர் உறுதியாக இருந்தார். எண்ணைப் போட்டால் பிடித்துக்கொள்வார்கள், முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு மனு போடுவார்கள். 'விரைவில் அனுப்பப்படும்' போதும் என்றார். அந்த 'விரைவில்' என்ற சொல்லால்தான் சார், விண்ணப்பித்த மூன்றாம் நாளே தொலைபேசி வருகிறது என்றேன். வேலை நாட்கள் என்று தெளிவாகச் சொல்லி, தேர்வு முடிவு வெளியாகும் வாரங்களில் கூடுதலாகும் என்பதையும் சேர்த்து, 15 என்று எழுதலாம் என முடிவானது. நாங்கள் வழக்கமாக அதற்கு முன்பே அனுப்பிவிடுவோம் என்பது அவருக்கும் தெரியும். கையெழுத்துப் போடும்போதும் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் போட்டார்.

அந்தப் பக்கம் வெளியான பிறகு டிரான்ஸ்கிரிப்ட் கேட்டு வரும் அழைப்புகள் குறைந்தன. எவ்வளவு குறைந்தன என்று கணக்கெடுக்கும் அளவுக்கு எங்களுக்கு ஆள் இல்லை. ஆனால் எங்கள் பிரிவு உதவியாளர் மதியச் சாப்பாட்டை ஒரே மூச்சில் சாப்பிட்டு முடித்ததை நானே பார்த்தேன். பழைய தொகைக்கு வரைவோலை வருவதும் நின்றது.

அடுத்து எழுத்துரு. இது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத விவகாரம். எங்கள் அலுவலகங்களில் தமிழ்ச் சுற்றறிக்கைகளை நீண்ட காலம் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்தோம். திரையில் பார்த்தால் அழகான தமிழ். ஆனால் கணினிக்குள் அது ஆங்கில எழுத்துக்களின் குப்பை. படிக்கலாம், தேட முடியாது. ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பூச்சி பூச்சியாக வரும். 'மறுமதிப்பீடு' என்று கூகுளில் தேடும் மாணவனுக்கு எங்கள் அறிவிப்பு வராததற்கு இதுதான் காரணம். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறியை (யூனிகோட்) தமிழ்நாடு அரசு 2010-இலேயே தரமாக ஏற்று ஆணை வெளியிட்டுவிட்டது. ஆணை எங்கள் கோப்பிலும் இருக்கிறது. அந்த ஆணையின் நகலையே பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து சுற்றுக்கு விட்டிருந்தார்கள். சிரித்துவிட்டேன்.

எங்கள் தட்டச்சர் அக்கா ஒருங்குறிக்கு மாற மறுத்ததற்கு ஒரே காரணம் விரல்கள். பழைய தட்டச்சுப்பொறியின் விசை அமைப்பில் பழகிய கை அது. ஒலிபெயர்ப்பு முறையில் 'அம்மா' என்று அடிக்க ஆங்கில எழுத்துக்களைத் தேட வேண்டியிருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அதே பழைய விசை அமைப்பில் ஒருங்குறி அடிக்கலாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவி, தட்டச்சுப்பொறி அமைப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தோம். அன்று மாலையே ஒரு முழுச் சுற்றறிக்கை பிழையில்லாமல் வந்தது. பழைய கோப்புகளில் இன்னும் தேவைப்படுகிறவற்றை எழுத்துரு மாற்றி மென்பொருளைக் கொண்டு மாற்றினோம். இந்தி எழுத்தில் வரும் சந்திரபிந்து போல ஏதேதோ நடுவில் முளைத்தது, கையால் திருத்தினோம்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் இதைவிட மோசம். கணினியில் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, அதைக் கோணலாக ஸ்கேன் செய்து ஏற்றுவது எங்கள் மரபு. கையெழுத்து இல்லாவிட்டால் ஆவணம் ஆகாதாம். இதனால் யார் என்ன இழக்கிறார்கள் என்பதை, பார்வையற்ற ஆய்வு மாணவர் ஒருவர் எங்கள் தளத்தைப் பயன்படுத்துவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன். தமிழ்த் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருளை வைத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்கள் இருவர் 2006-இல் தொடங்கியது அது. இலவசம், தமிழும் வாசிக்கும். அவர் கேட்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை.

முதலில் பக்கத்தில் உள்ள இணைப்புகளின் பட்டியலை வரவழைத்தார். 'இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும்' என்று அது சொல்லிக்கொண்டே போனது. எந்த 'இங்கே' எதற்கு என்று தெரிய வழியில்லை. அடுத்து, தலைப்புகளுக்குத் தாவும் விசையை அழுத்தினார். தலைப்பு எதுவும் இல்லை என்றது. இல்லாமலா, பெரிய எழுத்தில் சிவப்பில் இருக்கிறதே என்றேன். தடித்த எழுத்தாக வைத்தால் அது பார்ப்பவர்களுக்குத்தான் தலைப்பு மேடம், மென்பொருளுக்கு அது தலைப்பு என்று சொல்லியிருக்க வேண்டும் என்றார். கடைசியில் முனைவர் பட்ட விதிமுறைகளைத் திறந்தார். ஸ்கேன் செய்த பிடிஎஃப். மென்பொருள் எதையும் வாசிக்கவில்லை. "இதை ஒவ்வொரு முறையும் நண்பர் யாராவது வாசித்துக் காட்டுவார்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையதளங்களை அமைப்பதற்காக, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு தந்த அணுகல் நெறிகளின் இரண்டாம் பதிப்பு 2008 முதல் புழக்கத்தில் இருக்கிறது. 2018-இலும் 2023-இலும் விரிவாக்கியிருக்கிறார்கள். இணையவழிச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் சொல்லிவிட்டது. கூட்டத்தில் சட்டத்தைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த ஆய்வு மாணவரையே அழைத்துவந்து திரையில் செய்துகாட்டச் சொன்ன பிறகுதான் வேலை நகர்ந்தது. கையெழுத்திட்ட தாள் கோப்பில் இருக்கட்டும், தளத்தில் தட்டச்சு செய்த எழுத்தாகவே போகட்டும், கீழே ஆணை எண்ணும் நாளும் இருந்தால் போதும் என்று பதிவாளரிடம் குறிப்பாணை வாங்கினோம். இந்த முழு முயற்சியில் எங்களுக்குக் கிடைத்த பெரிய வெற்றி எது என்று கேட்டால் அந்தக் குறிப்பாணையைத்தான் சொல்வேன்.

சிவப்பு எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முக்கியமான அறிவிப்பென்றால் மஞ்சள் பின்னணியில் சிவப்பு, இன்னும் முக்கியமென்றால் பச்சையும் சேரும் என்பது எங்கள் ஊர் வழக்கம். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வேறுபாடு வேண்டும் என்கின்றன அந்த நெறிகள். நீலமா மெரூனா விவாதம் இந்த ஒரு கணக்கில் முடிந்தது: வெள்ளைப் பின்னணியில் கறுப்பு. மெரூன் தலைப்பட்டையில் மட்டும்.

சோதனைக்கு ஆள் பிடித்தது தனிக் கதை. ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியதைப் பேராசிரியை சொன்னார்: ஐந்து பேரை உட்கார வைத்து, ஒரு வேலையைக் கொடுத்து, பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும். கணினித் துறை மாணவர்களையே அழைக்கலாம் என்றார்கள். அவர்கள் எந்தத் தளத்திலும் வழி கண்டுபிடித்துவிடுவார்கள்; அவர்களை வைத்துச் சோதித்து என்ன பயன்? நான் பேருந்து நிலையத்துக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் தம்பியை அழைத்து வந்தேன். எங்கள் இணையதளத்தை உலகத்திலேயே அதிகம் பயன்படுத்துகிறவர் அவராகத்தான் இருப்பார். சுற்று வட்டாரக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டுவது, ஹால் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது, ரிசல்ட் பார்ப்பது எல்லாம் அவர் கடையில்தான்.

அவர் எங்கள் முகப்பையே திறக்கவில்லை. கடைக் கணினியில் நேர் முகவரிகளைச் சேமித்து வைத்திருக்கிறார். அவற்றை ஓர் அட்டையில் எழுதிச் சுவரிலும் ஒட்டியிருக்கிறாராம். "முகப்புக்குப் போனால் பிள்ளைகள் வரிசை வாசல் தாண்டிவிடும், மேடம்" என்றார். அந்த அட்டையைப் படம் எடுத்து வாங்கிக்கொண்டேன். தேர்வுக் கட்டணம், ஹால் டிக்கெட், ரிசல்ட், மறுமதிப்பீடு, கால அட்டவணை, தொலைநிலைக் கல்விச் சேர்க்கை. எங்கள் தொலைபேசிப் பதிவேடும் அவர் சுவரட்டையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. புதிய முகப்பில் மேலே இருப்பவை அவைதான். அந்த வரிசையும் அவருடையது.

இன்னொன்றும் அவர் சொன்னார். கால அட்டவணை எல்லாப் பாடப்பிரிவுகளுக்கும் சேர்த்து ஒரே பிடிஎஃப் கோப்பாக வரும்; அதில் ஒரு பிள்ளைக்கு வேண்டியது ஒரு பக்கம். கைபேசியில் இறக்கினால் இரண்டு விரலாலும் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும், பாடக்குறியீடு தெரிந்தால் தேதி தெரியாது, தேதி தெரிந்தால் முற்பகலா பிற்பகலா தெரியாது. பிள்ளைகள் தேதி மாற்றிப் படித்துவிட்டு வந்து அழுதிருக்கிறார்கள் என்றார். இப்போது பாடப்பிரிவு வாரியாகப் பிரித்து, கைபேசி அகலத்துக்கு அடங்கும்படி சாதாரணப் பக்கமாக வைத்திருக்கிறோம். இதற்குத் தொழில்நுட்பம் ஒன்றும் தேவைப்படவில்லை. பொறுமையாகப் பிரிக்க ஓர் ஆள் தேவைப்பட்டார்.

அவருக்கு ஒரு கவலை இருந்தது: தளம் சரியானால் கடைக்கு யார் வருவார்கள்? ரிசல்ட் அன்றைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து எங்கள் சர்வர் படுத்துக்கொள்ளும் வரை அவர் கடைக்கு ஆபத்தில்லை. முடிவுகளைக் கல்லூரி வாரியாக இடைவெளி விட்டு வெளியிடும் யோசனை இன்னும் கோப்பில்தான் இருக்கிறது.

படங்களுக்கு வருகிறேன். முகப்பிலிருந்து நகரும் படங்களை எடுக்க வேண்டும் என்று சொல்வதற்கு யாருக்கும் துணிவில்லை. பேராசிரியை ஒரு தகவலோடு வந்தார். அமெரிக்காவின் நோட்ரடாம் பல்கலைக்கழகத்தில் இணையதள வேலை பார்த்த எரிக் ரன்யன் அங்கே முகப்பில் ஓடிய படங்களை எத்தனை பேர் சொடுக்குகிறார்கள் என்று கணக்கெடுத்து 2013-இல் வெளியிட்டார். வந்தவர்களில் சுமார் 1 சதவீதம் பேர். அந்தச் சொடுக்குகளிலும் 84 சதவீதம் முதல் படத்துக்கு. பின்னால் வருகிற படங்களை ஏறக்குறைய யாரும் தொடவில்லை. இந்தப் புள்ளிவிவரத்தை வைத்துக்கொண்டு துணைவேந்தரிடம் போய், ஐயா உங்களை யாரும் சொடுக்கவில்லை என்று சொல்ல முடியுமா?

மக்கள் தொடர்பு அலுவலர் தீர்த்து வைத்தார். எனக்கு அவர் மீது அதற்குமுன் பெரிய மதிப்பு கிடையாது. "ஐயா, முகப்பில் உங்கள் படம் ஐந்து விநாடிதான் நிற்கிறது. செய்திகள் பக்கத்தில் வைத்தால் நிரந்தரமாக இருக்கும், தேதியோடு, தலைப்போடு. யார் எப்போது தேடினாலும் கிடைக்கும்" என்றார். துணைவேந்தர் தன் கைபேசியில் தளத்தைத் திறந்து பார்த்தார். கேமராவில் எடுத்த அளவிலேயே ஏற்றிய படங்கள். வளாகத்தின் அந்த மூலையில் சிக்னலும் சுமார்தான். வெள்ளைத் திரை நீண்ட நேரம் சுழன்றது. சரி, மாற்றுங்கள் என்றார். இப்போது முகப்பில் நிர்வாகக் கட்டடத்தின் ஒரு படம், அசையாமல், சிறிதாக. மரம் நட்ட படம் செய்திகளில் பத்திரமாக இருக்கிறது.

சின்னச் சின்னதாக எத்தனையோ. எங்கள் பக்கங்களில் பாதிக்கும் மேல் உலாவியின் மேல்பட்டையில் 'அன்டைட்டில்ட் டாக்குமென்ட்' என்று வரும். பக்கத்தை உருவாக்கும் மென்பொருள் தானாக வைத்த பெயர், யாரும் மாற்றவில்லை. கூகுளிலும் அந்தப் பெயரில்தான் தெரிந்துகொண்டிருந்தோம். அறிவிப்புகளில் கடைசி நாள் 12.08 என்று இருக்கும், ஆண்டு இருக்காது. எல்லாவற்றையும் எழுதினால் இதுவே ஒரு சுற்றறிக்கை ஆகிவிடும்.

ஆனால் பல்கலைக்கழகங்களையும் கல்லூரிகளையும் மதிப்பிட்டுத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் தளம் ஏன் அப்படி ஆனது என்பதற்கு எங்கள் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. நாக் தன் மதிப்பீட்டு முறையை 2017-இல் திருத்தி, தரவுகளை இணையவழியே சரிபார்க்கத் தொடங்கியது. ஒவ்வொரு சான்றுக்கும் ஆவணத்தை ஏற்றி இணைப்பைத் தர வேண்டும். கருத்தரங்கு அழைப்பிதழ், கையெழுத்துப் பட்டியல், படங்கள் என்று ஏற்றினோம், ஏற்றினோம், ஏற்றிக்கொண்டே இருந்தோம். மதிப்பெண் தருகிறவர் பார்க்க வருகிறார் என்றால் துறைகள் எதை முன்னால் வைக்கும்? அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஆவணங்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கி, பழைய முகவரியைத் தட்டினாலும் புதிய இடத்துக்குப் போகும்படி திருப்பி வைத்தோம். ஒப்பந்த நிறுவனம் முதலில் எல்லா முகவரிகளையும் மாற்றிவிட்டு அதுதான் புதிய அமைப்பு என்றது. தர உறுதிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் எனக்கு எதிர்பாராத துணையாக வந்தது. அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டிய 17 வகைத் தகவல்களைச் சொல்கிறது. எங்கள் பிரிவுக்கு வரும் மனுக்களில் கணிசமானவை கட்டணம் எவ்வளவு, விதி என்ன, யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பவைதான். பத்து ரூபாய் கட்டி ஒருவர் மனு போடுகிறார். முப்பது நாளுக்குள் பதில் தர நாங்கள் கோப்பு தொடங்கி, குறிப்பு எழுதி, மூன்று மேசைகள் தாண்டி, தபாலில் அனுப்புகிறோம். தளத்தில் இருந்தால் இத்தனையும் மிச்சம் என்று பொதுத் தகவல் அலுவலரிடம் சொன்னேன். தன் மேசையில் இருந்த மனுக் கட்டைப் பார்த்தார். அன்றிலிருந்து அவர் எங்கள் கட்சி.

இவ்வளவும் நிலைக்குமா என்றால், அது பக்கத்தின் அடியில் இருக்கும் ஒரு வரியைப் பொறுத்தது. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளைத் தேசிய தகவலியல் மையம் 2009-இல் கொண்டுவந்தது. 2023-இல் மூன்றாம் பதிப்பு வந்திருக்கிறது. பக்கத்தை எழுதுபவர் யார், சரிபார்ப்பவர் யார், ஒப்புதல் தருபவர் யார், எப்போது மறுபடி பார்க்க வேண்டும், பழையதை எங்கே மாற்றி வைக்க வேண்டும் என்பதற்கெல்லாம் அதில் கொள்கை கேட்கிறார்கள். படித்தபோது, இதைத்தானே நாம் தேடினோம் என்று இருந்தது. அதன்படி ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைசியாகப் புதுப்பித்த நாளும், பொறுப்பான இருக்கையின் பெயரும் போட்டோம். ஆளின் பெயர் வேண்டாம், ஆள் மாறுவார், இருக்கை மாறாது. பணி மாறுதல் ஆகும்போது ஒப்படைக்கும் பட்டியலில் சாவி, பதிவேடு, முத்திரை ஆகியவற்றோடு 'இணையப் பக்கங்கள்' என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. புதிதாக வருகிறவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். இதை எழுதியவள் நான்தான், பெருமைதான் எனக்கு.

தமிழில் எழுதுவதா ஆங்கிலத்திலா என்ற கேள்வியை நான் பெரிதாக இழுக்கவில்லை. தேர்வு, கட்டணம், சான்றிதழ் பக்கங்களைத் தமிழில் முதலில் எழுதினோம், பிறகு ஆங்கிலத்தில். கல்லூரிக்குப் பிள்ளையை முதன்முதலாக அனுப்பியிருக்கும் அப்பா அம்மாக்கள் அழைத்துக் கேட்கிற மொழி எனக்குத் தெரியும். ஆய்வு, சர்வதேச உறவுகள் பக்கங்கள் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கின்றன. அதில் எனக்கு மறுப்பு இல்லை.

விடுதிப் பக்கம் மட்டும் இன்னும் பழையபடியே கிடக்கிறது. அது யாருடைய இருக்கை என்பதில் மாணவர் நலப் பிரிவுக்கும் விடுதி அலுவலகத்துக்கும் இழுபறி. உணவுக் கட்டணம் அதில் இரண்டு விதமாக இருக்கிறது, இரண்டுமே தவறு. போன வாரம் புதிய விடுதிக் காப்பாளர் பொறுப்பேற்றார். ஒப்படைப்புப் பட்டியலில் அந்த வரியைச் சேர்த்து அனுப்பியிருக்கிறேன், கையெழுத்துப் போட்டாரா என்று திங்கட்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.